குழிக்கு ஒரு நன்றியுரை

கணபதி பகுதியில் எங்கள் வீதிக்குப் பக்கத்து நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். லேத் பட்டறையைத் தம்பியிடம் விட்ட பிறகு பழைய தனிப்பாடல்களில் விழுந்து கிடந்த எனக்கு, வசைப்பாட்டும் அங்கதமும் அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு செழித்தன என்ற தலைப்பைக் கொடுத்தார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் மனைவியிடம் பேசிப் பார்த்தேன். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீதி நலச் சங்கத்தின் செயலாளரும்கூட.

"புலவனுக்குச் சோறு போடறவன் வள்ளல். அவனை நேரா வைய முடியுமா? அதனால புகழற மாதிரியே வைவான். சபையில பாடினா கேட்டவங்க சிரிப்பாங்க, ஊரெல்லாம் திரும்பப் பாடுவாங்க. பேரு போயிருமேன்னு பெரிய மனுசனும் பயப்படுவான்" என்றேன்.

"ஏனுங்க, இதுல பழங்காலம் எங்கீங்க இருக்குது? எங்க சோமனூர்ல சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டை எங்க அத்தைக இப்படித்தானுங்க பாராட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

மறுநாள் என் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அது கிடக்கட்டும்.

அப்போது எங்கள் வீதியில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூடப்படாமலே கிடந்தது. மனுக் கொடுத்தோம், நேரில் போனோம், கோபமாகவும் பேசினோம். கவுன்சிலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பொங்கல் விழாவுக்கு அவரையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம் என்று என் மனைவி சொன்னபோது சங்கத்தில் பாதிப் பேர் முறுக்கிக்கொண்டார்கள். நன்றியுரையைத் தனக்கு விட்டுவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

மைக்கின் முன் கைகூப்பி நின்று அவள் ஆரம்பித்தாள்.

"ஐயாவுக்கு எங்க வீதி சார்பா நன்றிங்க. முன்னயெல்லாம் வண்டிக பறக்குமுங்க, புள்ளைகளை வெளிய விடப் பயமா இருக்கும். இப்ப ஒரு வண்டி வேகமாப் போக முடியறதில்லீங்க."

கவுன்சிலர் தலையாட்டினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பக்கத்து ஊட்டுக்காரங்க முகம் பாத்துப் பேசவே நேரமிருக்காதுங்க. இப்ப ஒரு கார் சேத்துல மாட்டுனா நாலு ஊடும் சேந்து வந்து தள்ளறோமுங்க. எங்களுக்குள்ள இந்த ஒத்துமைய உண்டாக்குனது ஐயாதானுங்க. மழை பேஞ்சா குளத்தைப் பாக்கப் பஸ் ஏற வேண்டியதில்லீங்க, வாசல்லயே இருக்குது. இத்தனை வசதியும் நாங்க மட்டும் அனுபவிக்கறது ஞாயமில்லீங்க. ஐயா குடியிருக்கற வீதியிலயும் ஒண்ணு வெட்டிக்கோணுமுங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. கவுன்சிலர் சிவந்து போனார். பிறகு வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார். கிளம்பும்போது அவளிடம் வந்தார்.

"அம்மணி, நீங்க கோவமா வஞ்சிருந்தா நானும் பதிலுக்குப் பதில் சொல்லியிருப்பனுங்க. இப்படிப் பாராட்டிப்போட்டீங்களே, என்னத்தச் சொல்றது?"

நூலகத்தில் நான் நீட்டி முழக்கியதை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கையில் அதிகாரம் இல்லாதவர்களுக்குச் சபையில் கிடைக்கும் நாலு நிமிடம், அதை வீணாக்காத ஒரு நாக்கு. அன்றைய புலவனிடம் இருந்ததும் அவ்வளவுதான்.

அடுத்த வாரமே ஜல்லி லாரி வந்தது, பள்ளத்தை மூடி ரோடும் போட்டார்கள். அதற்குள் யாரோ எடுத்த வீடியோ காரமடையில் இருக்கும் என் தங்கை வீடு வரை போய்விட்டது. வேறு வீதிக்காரர்கள் வந்து, தங்கள் விழாவிலும் நன்றி சொல்ல வரமுடியுமா என்று கேட்கிறார்கள். பரீட்சை நேரம் என்று என் மனைவி சொல்லி அனுப்புகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, அந்த நன்றியுரை சொன்ன அம்மணி உங்க ஊட்டுக்காரங்களா?"

கடை முழுவதும் கேட்கிற மாதிரி, "ஆமாங்க!" என்றேன்.