ஆறாவது குழாயும் நான்கு கிலோ தூளும்

கடைத்தூள் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களை நான் மதிப்பதே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கைக்கு வருடத்தில் இரண்டு தடவை கறித்தூள் போகும். செத்தல் மிளகாயைக் காயவைத்து, மல்லி, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நானே வறுத்து, மில்லில் பக்கத்திலேயே நின்று அரைப்பித்து, ஆறவிட்டு அனுப்புவேன். மற்றவர்கள் அனுப்பும் தூளின் வாசம் பாதி வழியிலேயே இறங்கிவிடும். என்னுடையது பெட்டி திறக்கும் வரைக்கும் இருக்கும். தங்கை இரகசியம் என்னவென்று கேட்டால் கைராசி என்பேன். உண்மையான காரணத்தை இந்தத் தை மாதம் வரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நான் வேலை செய்வது யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில். காய்ச்சல்காரரின் இரத்தத்தில் என்ன வைரஸ் இருக்கிறது, அது பழைய ஆளா, எங்கிருந்தோ புதிதாக வந்த ஆளா என்று அதன் மரபணுவை வாசித்துப் பார்ப்பது எங்கள் வேலை. முன்பெல்லாம் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். பதில் வரும்போது காய்ச்சல்காரர் சுகமாகி, கடலுக்குப் போய், மீனும் பிடித்து விற்றிருப்பார். இப்போது எங்களிடமே ஒரு கருவி இருக்கிறது. இரண்டு நெருப்புப்பெட்டியைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். "உதுக்குள்ளையோ வைரஸைப் பிடிக்கிறியள்? எலிப்பொறி இதைவிடப் பெரிசு" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவரோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. ஐந்து பேருடைய இரத்தத்தை ஐந்து குழாயில் வைத்தால், ஆறாவதில் வெறும் சுத்தத் தண்ணீரை வைத்து அதையும் கூடவே வாசிக்க வேண்டும். தண்ணீரில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஏதாவது இருந்தால் அது நோயாளியிடமிருந்து வந்ததல்ல, எங்கள் கையிலிருந்தோ மேசையிலிருந்தோ வந்தது. ஆறாவது குழாய் என் பொறுப்பு. சின்னக் குழாய்களைச் சுத்தம் செய்து, பைகளில் போட்டு, பையின் வாயைச் சூட்டில் உருக்கி ஒட்டிவைப்பதும் என் பொறுப்புத்தான். அதற்கென்று மூலையில் ஒரு ஒட்டும் மெஷின் இருக்கிறது. அது ஒட்டினால் காற்றுக்கூட வெளியே போகாது.

தை மாதத்தில் அரியாலையில் கடல்நீரேரிக் கரையோரம் ஒரு குறுகிய ஒழுங்கையின் வீடுகளில் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். டெங்குப் பரிசோதனையில் ஒருவருக்கும் இல்லை என்று வந்தது. ஆனால் மூட்டெல்லாம் நோகிறது என்றார்கள். எங்கள் பொறுப்பு டொக்டர் அம்மா என்னை அனுப்பினார். ஐந்து பேரிடம் இரத்தம் எடுத்தேன். கடைசி வீட்டில் நண்டு விற்கும் ஒரு அக்கா. அவருடைய புருஷனுக்கும் காய்ச்சல், அவருக்கும் காய்ச்சல். முற்றத்தில் பந்தல் போடத் தடிகள் அடுக்கியிருந்தன.

"பிள்ளை, வாற சனிக்கிழமை எங்கடை மகளுக்குக் கலியாணம்" என்று கையை நீட்டிக்கொண்டே சொன்னார். "நல்ல வருத்தமாப் பாத்துச் சொல்லுங்கோ."

"நல்ல வருத்தம் எண்டு ஒண்டு இருக்கோ, அக்கா?"

"பேர் தெரிஞ்ச வருத்தம் நல்ல வருத்தம்தானே."

செவ்வாய்க்கிழமை கருவியை ஓடவிட்டோம். பத்து மணியளவில் ஐந்து குழாயிலும் சிக்குன்குனியா என்று கணினி காட்டியது. நுளம்பால் வருவது, மூட்டைப் பிடிப்பது, ஊருக்குப் பழக்கமானது. எனக்குச் சந்தோஷம். அக்காவுக்குப் போன் எடுக்கக் கையை வைத்தேன். அப்போது டொக்டர், "பொறும், பொறும். இதென்ன இது?" என்றார். ஐந்து பேரிலும் சிக்குன்குனியாவோடு இன்னொன்றும் இருந்தது. வைரஸின் மரபணு மாதிரியே எழுத்து. ஆனால் மனிதருக்கும் மிருகங்களுக்கும் வரும் வைரஸ்களின் பட்டியல் மட்டும்தான் எங்கள் கணினியில் உண்டு, அதில் இது இல்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றோடும் ஒப்பிட இணையம் வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வீதி வேலைக்காரர் எங்கேயோ கேபிளை வெட்டியிருந்தார்கள்.

டொக்டர் அம்மா இருபது வருடமாக ஒரு புது வைரஸுக்குக் காத்திருக்கிறவர். அவருடைய முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதே வெளிச்சத்தில் பகுதிச் சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் எடுத்தார். என்னவென்று தெரியும் வரைக்கும் அந்த ஒழுங்கையில் கூட்டம் கூடக்கூடாது என்றார். பரிசோதகர் கடமையில் ஒரு நூல்கூடப் பிசகாத மனிதர். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய் வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு முதல் குருநகரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் கதை போய்விட்டது.

பிறகு அக்கா எனக்குப் போன் எடுத்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சரிக்குச் சரியாகப் போயிருக்கும்.

"பிள்ளை, எங்கடை இரத்தத்திலை என்னதான் கிடக்குது? அவையள் கலியாணத்தைத் தள்ளச் சொல்லினம். தள்ளினால் தவக்காலம் வந்திடும், கோயிலிலை கலியாணம் வைக்கேலாது. அது முடியிறதுக்குள்ளை மாப்பிள்ளையின்ரை லீவும் முடிஞ்சு அவர் கட்டாருக்குப் போயிடுவார். பேந்து எப்ப வாறாரோ ஆருக்குத் தெரியும்."

"இண்டைக்குள்ளை சொல்லுறன், அக்கா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

போனை வைத்த பிறகுதான் என் ஆறாவது குழாய் ஞாபகம் வந்தது. ஐந்து பேரில் கண்ட புதுமையின் பரபரப்பில் தண்ணீரை நானும் மறந்துவிட்டேன், டொக்டரும் மறந்துவிட்டார். அதன் முடிவைக் கணினியில் திறந்து பார்த்தேன். சிக்குன்குனியா இல்லை. ஆனால் அந்தப் பெயர் தெரியாதது இருந்தது, மற்ற ஐந்தையும்விட வடிவாக இருந்தது.

"டொக்டர், தண்ணியிலையும் கிடக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு எண்டு எழுதி என்ரை நெத்தியிலை ஒட்டிவிடும்" என்றார். உடனே பரிசோதகருக்குச் சொன்னார். அவர் இலேசில் விடவில்லை. "அது ஆக்களிலை இருந்து வரேல்லை எண்டுறியள். சரி. அப்ப அது என்ன சாமான், எங்கையிருந்து வந்தது? ரெண்டையும் எழுத்திலை தாங்கோ. வாய்ச்சொல்லை நம்பிக் காலமை ஒருக்கா ஓடினனான், டொக்டர்." அவர் சொன்னதில் பிழை சொல்ல முடியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்று மணிக்கு இணையம் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால், அது மிளகாய்ச் செடிக்கு வரும் வைரஸ். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் போடும், அவ்வளவுதான். மனிதரை ஒன்றும் செய்யாது. மிளகாய் தின்னுகிற யாருடைய வயிற்றிலும் கிடக்கும், காயவைத்தாலும் வறுத்தாலும் அதன் எழுத்து இலேசில் அழியாது. டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இருபது வருடக் காத்திருப்பை இப்படிச் சிரித்துத் தள்ள ஒரு மனம் வேண்டும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இதுக்குள்ளை ஒருத்தரும் சாப்பிடுறேல்லை. மிளகாய் எப்பிடி வந்தது?" என்று கேட்டார்.

நான் மூலையைப் பார்த்தேன். ஒட்டும் மெஷினின் வாயோரத்தில், வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, செம்மண்ணிறத்தில் ஒரு மெல்லிய கோடு. வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு தங்கைக்கு நான்கு கிலோ தூளை அதில்தான் ஒட்டினேன். திங்கட்கிழமை அதே மேசையில் குழாய்களைப் பையில் போட்டு ஒட்டினேன். அதுதான் என் கைராசி.

பேசாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லமாட்டேன், இருக்கத்தான் நினைத்தேன். பதினெட்டு வருட வேலை. குழாய் சுத்தத்தைப் பற்றி எத்தனை பேரை நான் ஏசியிருக்கிறேன், எத்தனை பேர் எனக்குப் பயந்து இரண்டாம் தரம் கை கழுவியிருக்கிறார்கள். "எப்படி வந்தது என்று தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதினால் என் மானம் தப்பும். ஆனால் அந்த ஒரு வரியோடு பரிசோதகர் கையெழுத்து வைக்கமாட்டார், பந்தல் தடி அப்படியே கிடக்கும். உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

"டொக்டர், அது என்ரை தூள்" என்றேன். "தங்கச்சிக்கு. நாலு கிலோ. உந்த மெஷினிலைதான் ஒட்டினனான். இது முதல்தரமும் இல்லை."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "அப்பிடியே எழுதும்" என்றார். எழுதினேன். எந்த நாள், எந்த மெஷின், எத்தனை கிலோ, எல்லாம் எழுதி, கையெழுத்தும் வைத்து நீட்டினேன். அவர் வாசித்தார், பேனையை எடுத்தார், என் கையெழுத்துக்குக் கீழே தானும் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "மேற்படி மெஷினில் மார்கழி மாதம் நானும் மெல்பேர்ணில் உள்ள என் மகனுக்கு இரண்டு கிலோ ஒட்டினேன்."

"டொக்டர்..."

"ஆற்றை தூள் எண்டு மெஷினுக்குத் தெரியுமோ? வாரும், காரிலை ஏறும்."

பரிசோதகர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. முத்திரை குத்தினார். பிறகு தானே குருநகருக்குப் போன் எடுத்தார். "சிக்குன்குனியா. நுளம்பாலை வாறது. சிரட்டையள், பரல் எல்லாத்தையும் கவிட்டுப் புகையும் அடிச்சால் கலியாணத்துக்குத் தடையில்லை. மற்றதோ? மற்றது கறித்தூள்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கேட்டார். "ஓம், கறித்தூள்தான். வறுத்தது."

அடுத்த நாள் புதுக் குழாய்களை வேறிடத்திலிருந்து இரவல் வாங்கி எல்லாவற்றையும் திரும்ப வாசித்தோம். ஐந்திலும் சிக்குன்குனியா மட்டும். ஆறாவது, வெறும் தண்ணீர். அதைப் பார்த்து நான் அழுதேன். தண்ணீரைப் பார்த்து அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். இந்தமுறை நான் கோபிக்கவில்லை.

சனிக்கிழமை கலியாணத்துக்கு எனக்கும் டொக்டருக்கும் அழைப்பு. பெண்ணின் தகப்பன் மூட்டு நோவோடு மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் ஒரு செபம் சொல்லி முடிக்கலாம், அவ்வளவு நேரம். ஒருவரும் அவசரப்படவில்லை. சாப்பாட்டுக்கு இருந்தபோது அக்கா நண்டுக்கறிச் சட்டியோடு நேரே என்னிடம் வந்தார். குனிய முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, பரிசோதகர் ஐயா எல்லாம் சொன்னவர். நீங்கள் வாய் திறக்காட்டி அது உங்கடை தூள் எண்டு ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது, என்ன?"

"தெரிஞ்சிராது, அக்கா."

அவர் சட்டியிலிருந்து பெரிய நண்டுக்காலாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். பிறகு இன்னொன்று வைத்தார்.

"கருவாட்டுப் பை ஒட்டுறதுக்கு மாப்பிள்ளை கட்டாரிலை இருந்து ஒரு மெஷின் கொண்டுவந்தவர்" என்றார். "இனித் தங்கச்சிக்குத் தூள் அனுப்பேக்கை எங்கடை வீட்டை வாங்கோ. கொஞ்சம் கருவாட்டு மணம் அடிக்கும். பரவாயில்லையோ?"

பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். டொக்டர் பக்கத்திலிருந்து, "எனக்கும் ரெண்டு கிலோ கிடக்குது" என்றார்.