தவிடு தின்று பரமத்தி வேலூர் போன கதை

பயணம் போய் வந்தவர்கள் மலையைப் பற்றி எழுதுவார்கள், கோயிலைப் பற்றி எழுதுவார்கள். நான் என் வயிற்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆத்தூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் தூரமும் என் கவனம் அதை விட்டு அகலவில்லை. அதற்குக் காரணமான மனிதர் வழியெல்லாம் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டு வந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து பத்துக்கு ஆத்தூர் பஸ் நிலையத்தில் சேலம் பஸ் ஏறினோம். டிக்கெட் இரண்டு ரூபாய் எழுபது காசு. நாங்கள் என்றால் நானும் ரங்கசாமி வாத்தியாரும். நான் நெல் அரவை மில் ஒன்றில் மூட்டை எடை போடுகிறவன். மில்லுக்குப் பின்னால் இருந்த தேகப்பயிற்சிக் கூடத்துக்கு அவர்தான் வாத்தியார். பரமத்தி வேலூரில் காவிரிக் கரையில் வருஷா வருஷம் ஊர்க்காரர்கள் ஆணழகன் போட்டி நடத்துவார்கள். முதல் முறை போனபோது நான்காவதாக வந்தேன். போன வருஷம் இரண்டாவது. இது மூன்றாவது முறை. கடைசி முறையும் இதுதான். "இருபத்தாறு வயசாச்சு. எண்ணெய் பூசிக்கிட்டு கோவணத்தோட நின்னது போதும். இந்தத் தடவை கோப்பையோட வா, இல்லேன்னா இதோட விட்டுடு. சித்திரையில கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

போன வருஷம் தோற்றதும் வாத்தியார் ஒரு மாதம் யோசித்துக் காரணம் கண்டுபிடித்தார். ஊட்டம் போதவில்லையாம். "காளை மாடு கறியா தின்னுது? கொள்ளும் தவிடும் தின்னுட்டு முப்பது மூட்டை பாரம் இழுக்குது. அதோட திமிலைப் பாத்திருக்கியா?" என்றார். பார்த்திருக்கிறேன். தினம் மில் வாசலில் நிற்கிற வண்டி மாடுகள்தானே! அந்தப் பேச்சில் மயங்கியவன் நான்தான். அதை மறைக்க மாட்டேன். தொண்ணூறு நாள், காலையில் ஊறவைத்த பச்சைக் கொள்ளு அரைப் படி. மத்தியானம் சலிக்காத கம்பு மாவில் கூழும் வாழைத்தண்டும். சாயங்காலம் மில்லில் அப்போதுதான் விழுந்த தவிட்டை வெல்லம் போட்டுப் பிசைந்து ஆரஞ்சுப் பழ அளவில் இரண்டு உருண்டை. போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்து தண்ணீர் கூடாது. நாக்கை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் தசையின் வரி தெரியாமல் போய்விடும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம்.

தசை வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. கூடவே வயிறும் வந்தது. பஸ் ஏறுகிற அன்று எனக்கு வெளிக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. வயிறு மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. உள்ளே யாரோ வண்டி மாடு பூட்டி ஓட்டுகிற மாதிரி ஒரு உருட்டல். "அது சத்து சேர்ற சத்தம்" என்றார் வாத்தியார்.

ஆறு மணிக்கு வாழப்பாடி தாண்டியது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நல்ல வேளையாக அந்தச் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் இருந்தன. மரவள்ளிக் கிழங்கு அரைத்த தண்ணீர் பள்ளங்களில் தேங்கிப் புளித்து நாறுவது அந்தப் பக்கத்துப் பயணிகளுக்குப் பழக்கம். முன் இருக்கையில் துணி மூட்டையோடு இருந்தவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"இன்னிக்கு என்னய்யா இப்படி நாறுது?" என்றார்.

"சேகோ ஆலைக்காரன் ராத்திரியே தண்ணிய தெறந்து விட்டுட்டான் போல" என்றார் கண்டக்டர். "ஜன்னலைச் சாத்துங்க."

ஜன்னலைச் சாத்தினார்கள். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. ஆலையே இல்லாத அயோத்தியாப்பட்டணம் வந்த பிறகும் துணிக்காரர் ஆலைக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆலை முதலாளிகளிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

ஆறே முக்காலுக்குச் சேலம். நாமக்கல் பஸ் எப்போது என்று விசாரித்து வருகிறேன் என்று வாத்தியார் போனார். கால் மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. தேடிப் போனேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில், ஜன்னலோர மேஜையில், இலையில் நான்கு இட்லியும் அதன் மேல் ஓர் ஆம்லெட்டும் வைத்து, இரண்டாவது ஆம்லெட்டுக்குக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார் எங்கள் தவிட்டு மகரிஷி. பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன வாத்தியாரே இது? கொள்ளு, தவிடு?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நான் மேடை ஏறலையேப்பா" என்றார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! தொண்ணூறு நாள் அந்தக் கொள்ளை நான் மென்று மென்று தாடை வலித்துக் கிடந்தபோது, இந்த மனிதர் வீட்டில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது.

ஏழு இருபதுக்கு நாமக்கல் பஸ். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர், இரண்டு ரூபாய் எண்பது காசு. நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு பித்தளை அண்டாவை என் மடியில் வைத்துவிட்டு அதன் சொந்தக்காரர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார். மல்லூர் தாண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் அண்டா என் வயிற்றில் இடித்தது. ராசிபுரத்தில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும் என்றார்கள். இறங்கி ஓடினேன். கழிப்பிடத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்து உள்ளே போய் உட்கார்ந்தும் ஒரு பயனும் இல்லை; உள்ளே சிமெண்டு வைத்துப் பூசிய மாதிரி இருந்தது. அதற்குள் விசில் சத்தம். ஓடி வந்து படியில் தொற்றினேன்.

"ஏனுங்க, உங்க ஒருத்தருக்காவ வண்டி நிக்குமுங்களா? அத்தன பேரும் காத்துக்கெடக்கறாங்கல்ல?" என்றார் கண்டக்டர். மரியாதையாகத் திட்டுவது எப்படி என்பதை அந்தப் பக்கத்துக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒன்பது மணிக்கு நாமக்கல். ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன் மேல் கோட்டை. பார்க்க வேண்டிய இடம் என்கிறார்கள். பஸ்ஸிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

பரமத்தி ரோட்டில் நான்கு மைல் தள்ளி பழனியப்பன் என்பவரின் கோழிப்பண்ணை. அவர் எங்கள் மில்லுக்கு லாரி அனுப்பித் தவிடு வாங்குகிறவர். அந்தப் பழக்கத்தில் போட்டிக்கு முன்னால் தங்கி இளைப்பாறிப் போகச் சொல்லியிருந்தார். போனபோது அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி செல்லம்மாள்தான் வரவேற்றார். நாற்பது வயதிருக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தரையில் குவித்திருந்த கோழித்தீனியை மண்வெட்டியால் கலந்துகொண்டிருந்தார். சோளம், கடலைப் புண்ணாக்கு, மீன்தூள், ஓரமாக எங்கள் மில் முத்திரை போட்ட ஒரு தவிட்டு மூட்டை.

"வாங்க, வாங்க. ஏனுங்க தம்பி, மூஞ்சி இப்படிக் கறுத்துக் கெடக்குது?" என்றார்.

பத்து மணிக்கு ஒரு உருண்டை சாப்பிட வேண்டும் என்பது வாத்தியாரின் கடைசி நாள் கட்டளை. பையிலிருந்து எடுத்தேன். செல்லம்மாள் அதை வாங்கி முகர்ந்தார். நகத்தால் கிள்ளிப் பார்த்தார்.

"இது எங்கூட்டுக் கோழித்தீனியாட்டம்ல இருக்குது!"

"உடம்புக்கு நல்லதுங்க. தொண்ணூறு நாளா சாப்பிடறேன்" என்றேன்.

"எத்தன திங்கறீங்க?"

கொள்ளு, கூழ், தண்டு, உருண்டை என்று முழுக் கணக்கையும் சொன்னேன். தண்ணீர் கிடையாது என்றதும் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"கோழிக்கே தவுட அளவு பாத்துத்தானுங்க கலக்கறோம். கொஞ்சம் கூடுனாப் போதும், வயிறு உப்பிக்கிட்டு மொட்டு வெக்காம ஒக்காந்துக்கும். அதுவும் தண்ணியில்லாமயா? தண்ணித் தொட்டி ஒரு மணி நேரம் காஞ்சா நாங்க பதறிப் போயிருவோம்!" மொட்டு என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் முட்டை. அவர் வாத்தியார் பக்கம் திரும்பினார். "ஏனுங்க பெரியவரே, எளச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. சத வெக்கோணும்னு நெனக்கறவனுக்கு யாராச்சும் கொள்ளக் குடுப்பாங்களா?"

"மாடு தின்னு..." என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

"மாடு நாள் முச்சூடும் அசை போடுதுங்க. இவரு போடறாரா?" என்று கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "சாமி, தவுட்டக் கோழி திங்கோணும். கோழி வெக்கற மொட்ட நீங்க திங்கோணும். நடுவுல இருக்கற கோழிய எடுத்துப்போட்டுட்டு நீங்களே அந்த வேலையப் பாத்தா எப்படிங்க?"

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆத்தூரில் ஒருவருக்கும் வாய் வரவில்லையே! ஊரெல்லாம் அந்தத் தவிட்டை லாரி லாரியாக ஏற்றி அனுப்புகிறவன் நான். அது எங்கே போகிறது, என்னவாக ஆகிறது என்று எனக்குத் தெரியாதா?

அவர் ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிக்காதே, தசை வரி போயிடும், கோப்பை போயிடும்" என்றார் வாத்தியார். அப்பா முகம் ஒரு கணம் கண்ணில் வந்தது. ஆனால் அந்த மத்தளத்தோடு மேடையில் நின்றாலும் கோப்பை கிடைக்கப் போவதில்லை. உருண்டையை வாங்கிப் பைக்குள் போட்டேன். குடித்தேன். மூன்று சொம்பு குடித்தேன். அந்தத் தண்ணீரைப் போல ருசியான ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை.

பன்னிரண்டரைக்கு வேலூர் பஸ். ஒரு ரூபாய். இரண்டு பக்கமும் வாழையும் கரும்பும். ஒன்றே காலுக்குப் போட்டிப் பந்தலில் எடை பார்த்தார்கள். எடை சரியாக இருந்தது. ஆனால் எண்ணெய் பூசிய பையன்களுக்கு நடுவில் நான் மட்டும் ஆறு மாதக் கர்ப்பிணி போல நின்றேன். எவ்வளவு எக்கினாலும் வயிறு உள்ளே போகவில்லை. நடுவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு மற்றொருவர் காதில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

நாலு மணிக்குப் போட்டி. மூன்று ஐம்பதுக்குச் செல்லம்மாளின் வெந்நீர் வேலை செய்ய ஆரம்பித்தது.

கட்டிய கச்சையோடு, உடம்பெல்லாம் எண்ணெயோடு, பந்தலுக்குப் பின்னால் ஓடினேன். முதலில் கண்ணில் பட்டது பச்சைப்பசேலென்று ஒரு வெற்றிலைக் கொடிக்கால். அதில் கால் வைக்கப் போனபோது ஒரு கிழவர் மண்வெட்டியோடு குறுக்கே வந்தார்.

"ஏனுங்க, ஏனுங்க! எங்க பூர்றீங்க? கொடிக்காலுக்குள்ள நாங்க செருப்புக்கூடப் போடமாட்டமுங்க! அது சாமிங்க!"

"ஐயா, அவசரம்..."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. "அந்தால கரும்புக்காடு, ஓடுங்க" என்று கையைக் காட்டினார்.

கரும்புக்காட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கி அலறியது. "ஆத்தூர் மாணிக்கம் மேடைக்கு வரவும். முதல் அழைப்பு." தொண்ணூறு நாள் கொள்ளும், தொண்ணூறு நாள் தவிடும், ஒன்றும் அவசரப்படவில்லை. "ஆத்தூர் மாணிக்கம், இரண்டாவது அழைப்பு." நான் வரவேண்டும் என்றால் அவை முதலில் வரவேண்டாமா? "ஆத்தூர் மாணிக்கம், மூன்றாவது, கடைசி அழைப்பு." என் வாழ்நாளின் மிகப் பெரிய நிம்மதியும் மிகப் பெரிய தோல்வியும் ஒரே நிமிடத்தில் எனக்குக் கிடைத்தன.

பக்கத்து வாய்க்காலில் கழுவிக்கொண்டு ஓடி வந்து மேடைப் படியில் நின்றேன். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. மார்பும் தோளும் அன்றைக்குப் போல் என்றைக்கும் தெரிந்ததில்லை. கூட்டத்தில் யாரோ விசில்கூட அடித்தார்கள். "வரிசை முடிஞ்சிருச்சுங்க" என்றார் நடுவர். கெஞ்சினேன். கத்தினேன். கச்சையோடு நின்று நியாயம் கேட்பவனை உலகத்தில் யாரும் மதிப்பதில்லை.

கோப்பை வாங்கியவன் திருச்செங்கோட்டு லாரிப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவன். பொறுக்க முடியாமல் அவனிடமே போய், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"ஊட்டுல ஆக்கறதத்தானுங்க. சோறு, கொழம்பு, கீரை. நாலு மொட்டு. தண்ணி நெறையக் குடிப்பனுங்க" என்றான். நல்ல பையன். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

ஐந்தரைக்குத் திரும்பும் பஸ். காவிரிப் பக்கம் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வருஷம் கொள்ளைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ராத்திரி வெகு நேரம் கழித்து வீடு சேர்ந்தேன். அப்பா என் வெறுங்கையைப் பார்த்தார், உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் பழனியப்பனின் லாரி தவிடு ஏற்ற மில்லுக்கு வந்தது. எங்கள் ஊர் தவிட்டை அனுப்புகிறது. அந்த ஊர் அதை முட்டையாக்குகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற இந்த வித்தியாசம் தெரிய நான் நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. மூட்டைகளை எடை போட்டு ஏற்றி முடித்ததும் டிரைவர், வைக்கோல் பரப்பிய ஒரு கூடையை என்னிடம் கொடுத்தார். முப்பது முட்டை.

"அம்மா குடுத்து உட்டாங்க. கோழி அது வேலையப் பாத்துருச்சு, தம்பிய அவரு வேலையப் பாக்கச் சொல்லுன்னாங்க" என்றார்.

மேடை போனால் என்ன, உடம்பு என்னுடையதுதானே என்று அப்போது முதல் முறையாகத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாமக்கல் முட்டையா? ரெண்டு எடு மாணிக்கம், பாக்கலாம்" என்று கையை நீட்டினார்.

மறுநாள் வேலைக்கு எடுத்து வந்த பயணப் பை மில் அலுவலக அறையில் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஞாயிற்றுக்கிழமை தின்னாமல் விட்ட உருண்டை அப்படியே இருந்தது. எடுத்து அவர் கையில் வைத்தேன்.