கறை படாத துணிகள்

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவன். சாயங்காலம் வீடு திரும்பும்போது நகக்கண்களில் கந்தகம் மஞ்சளாக அப்பியிருக்கும். அதனால், புதிதாகப் பிறந்த மகளின் உடம்பு மஞ்சளித்தபோது மதினி அவனைத்தான் ஏசினாள்.

"கையக் களுவிட்டுத் தூக்குங்கன்னா கேக்குறீகளா? பிள்ளையக் கந்தகக் கட்டியா ஆக்கிட்டீக."

நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்தவள் நான்.

"கந்தகம் கண்ணுக்குள்ளயும் போயி ஒட்டுமா மதினி? பொறந்த பிள்ளைகளுக்கு வார மஞ்சக்காமாலைதான். காலை வெயில்ல காட்டுங்க, போயிரும்."

பாடத்தில் படித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. அந்த வரியை மறந்திருந்தேன்.

"படிச்சவ சொன்னாச் சரிதான்" என்றான் அண்ணன். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் வெயிலில் காட்டினோம். மஞ்சள் அடர்ந்துகொண்டே போனது. ஒரு நாள் துணி அலசிக்கொண்டே மதினி சொன்னாள்: "நம்ம பிள்ளை சமத்து. வெளிக்கிப் போனாக்கூடத் துணியில கறையே இல்ல. சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா இருக்கு."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். மலத்துக்கு நிறம் தருவது பித்தம். அதுவும் பாடத்தில் இருந்தது.

அன்றே திருத்தங்கலிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயில் கல் அடைத்திருக்கிறது என்றார். "ரெண்டு நாள் பார்ப்போம். கல் தானா இறங்கினா மலத்துல நிறம் வரும். இல்லைன்னா ஆபரேஷன். ஏற்கெனவே ஈரல் பாதிச்சிருக்கு. முன்னாடியே ஏன் வரல?"



"பால் குடிக்கிற பிள்ளைக்குக் கல்லா?" என்று மதினி முனகினாள். அண்ணன் என் பக்கம் திரும்பினான். "கல்லும் வெயில்ல கரையுமா தாயி?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான்.

ஒவ்வொரு துணியையும் என்னிடமே கொண்டுவந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. மூன்றாம் நாள் காலை மதினி துணியை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லேசாக மஞ்சள் தெரிகிறது என்று பொய் சொல்ல வாய் வரை வந்தது.

"வெள்ளைதான் மதினி."

பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அண்ணன் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். சோப்புப் போட்டு, நகக்கண்ணைச் சுரண்டி, மறுபடியும் சோப்பு. உன் கந்தகத்துக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லத்தான் அருகில் போனேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

நான் எது சொன்னாலும் இப்போதும் நம்புவான். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.