மேகம் போட்ட அன்று வைத்த சாளைக்கறி

என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பியதும் மொட்டைமாடியில் கண்ணாடி மூடி போட்ட ஒரு தகரப்பெட்டி செய்துவைத்தார். உள்ளே நிறைய கருங்கல் ஜல்லி. கண்ணாடி வழியாக விழும் வெயிலில் ஜல்லி மதியத்துக்குள் நன்றாகச் சூடேறிவிடும். பிறகு சட்டியை உள்ளே இறக்கி மூடினால், அந்தச் சூட்டிலேயே கறி வெந்துவிடும். "எங்க வீட்டுல கேஸே வேண்டாம்" என்று எங்கள் ஊர் கொட்டாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் காலையிலிருந்தே மேகம். வீம்புக்கு அன்றும் சாளை மீனில் மசாலா கூட்டிக் கறிச்சட்டியை உள்ளே வைத்தேன். சாயங்காலம் திறந்தால் சட்டி வெதுவெதுவென்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கேஸில் ஒரு கொதி விட்டுப் பரிமாறினேன். நான் சாப்பிட உட்காரும் முன்பே அவருக்கும் மகளுக்கும் முகம் சிவந்து, ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றித்தான் கூட்டிவந்தேன். நாள் முழுக்க வெதுவெதுப்பில் கிடந்த மீனில் ஊறும் நஞ்சு, பிறகு கொதிக்கவைத்தாலும் போகாது என்றார் டாக்டர்.

மறுநாள் மீன்கார ஸ்டெல்லா அக்கா வந்ததும், தெருவே பார்க்க, "கெட்டுப்போன மீனையா தந்திய?" என்று கத்தினேன்.

"இல்ல மக்கா, விடியக்காலம் கரையேறுன மீனாக்கும்" என்றார், கண் கலங்கி. எனக்கு உண்மை தெரியும். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.

அதிலிருந்து வெயில் இல்லாத நாளில் அடுப்பில்தான் கறி. அப்படிக் கத்தி இரண்டு நாள் கழித்து, அதே தெருவில் நின்று அக்காவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். "போட்டு மக்கா, விடு" என்று சிரித்தார். ஆனால் பத்து வருஷமாக என்னிடம் காட்டாத மீன் செவுளை, இப்போது நான் கேட்காமலே விரித்து, புதுமீனின் சிவப்பைக் காட்டிவிட்டுத்தான் தருகிறார்.