நன்றி சொல்லிக்கொண்டிருந்த இரண்டு நிமிடம்

காற்று திசை மாறிய அந்த நொடியில்தான் எனக்கு அது உறைத்தது.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் மணலி ஆலைகளின் அந்த வாடை மறுபடியும் இறங்கியிருந்தது. கண் எரிந்தது. தொண்டைக்குள் யாரோ விரலை விட்டுக் குடைவதுபோல இருந்தது. அம்மா ஒரு ஈரத்துண்டை ஜன்னல் இடுக்கில் திணித்தாள், இன்னொன்றை என்னிடம் நீட்டினாள், தன் முகத்தில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். அந்த நேரங்களில் எங்கள் தெருவில் யாரும் பேசமாட்டார்கள். பேச வாயைத் திறந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும். கால்மணி நேரம் அப்படியே போனது. திடீரென்று துண்டுக்குள் குளிர்ந்தது. கடல்காற்று உள்ளே வந்துவிட்டது. அம்மா எழுந்து துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். எதிர்வீட்டில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ஒன்றுமே நடக்காததுபோலத் தெரு வேலையைப் பார்க்கப் போனது.

நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். மூச்சு உள்ளே போவதும் வருவதும் தனித்தனியாகத் தெரிந்தது. இருபத்துநான்கு வருஷமாக இதை இழுத்து விடுகிறேன். ஒரு நாளாவது இதற்கு நன்றி என்று நினைத்திருக்கிறேனா? கோயிலுக்குப் போனால்கூடக் கேட்பதற்குத்தான் கை கூப்பியிருக்கிறேன். கொடுத்ததற்குக் கூப்பிய ஞாபகமே இல்லை.

எதையாவது பிடித்துக்கொண்டால் அன்றைக்கே முழுசாகச் செய்துவிட வேண்டும் எனக்கு. ஜப்பானிய மொழியையும் மாடித்தோட்டத்தையும் அப்படித்தான் பிடித்தேன், விட்டேன். இது அப்படிப் போகக்கூடாது என்று முடிவுசெய்தேன். தண்ணீர்க் குடத்தைத் தொடும்போது மனசுக்குள் ஒரு நன்றி. பஸ் ஏறும்போது ஒன்று. மனிதர்களாக இருந்தால் வாய்விட்டே சொல்லிவிடுவது. அன்று காலை தட்டில் தோசை விழுந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "நன்றிம்மா" என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி ஆச்சு? வேலைய வுட்டுட்டியா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. யாரையாவது கட்டிக்கொண்டு போகப்போகிறேனா என்று சாயங்காலம் அக்காவைப் போனில் விசாரித்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர்களுக்குள் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்புகிற ஆள் என்று அர்த்தம். அது தெரிந்தும் நான் விடவில்லை. கூச்சத்தைத் தாண்டினால்தான் பயிற்சி என்று எங்கோ கேட்டிருந்தேன்.

நான் பார்ப்பது பாதுகாப்பு உதவியாளர் வேலை. எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் ஒரு சின்னக் காண்டிராக்ட் கம்பெனி. மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே எங்கே டேங்க் காலியாகிறதோ அங்கே எங்கள் ஆட்கள் போவார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு இரும்புத் தொட்டி. அடியில் குனிந்து நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு வழி. உள்ளே முழங்கால் அளவுக் கறுப்புச் சேறு. அதைச் சுரண்டி வெளியே தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்றைச் சுவாசிக்க முடியாது. அதனால் முகமூடி, அதில் ஒரு நீண்ட ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை வெளியே நிற்கும் காற்று சிலிண்டர்களில். இடுப்பில் ஒரு கயிறு. குழாயும் கயிறும் சரியாக இருந்தால் ஆள் திரும்பி வருவான்.

அப்படி உள்ளே போகிறவர்களில் ஒருவர் என் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான். சேர்ந்த அன்று அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவர் உள்ள போற நாள்ல நீ எங்கியும் போவாத" என்றாள். அவளுக்கு அப்போது நாலாவது மாதம். நான் தலையாட்டினேன். என் வேலை அதுதானே என்று சிரித்தேன்கூட.

நுழையும் வழிக்கு வெளியே எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். குழாயையும் கயிற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது ஒரு மரக்கட்டையால் தொட்டியின் தகட்டில் இரண்டு முறை தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு முறை திருப்பித் தட்டினால் நலம் என்று பொருள். முகமூடி போட்ட வாயால் பேச முடியாது, அதனால் இந்த ஏற்பாடு. எங்கள் குழுவில் அந்த வேலை வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெரியவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. எந்நேரமும் இடது கையைத் தொட்டியின்மேல் ஊன்றிச் சாய்ந்தபடிதான் நிற்பார். எனக்கு அந்தச் சாய்வு பிடிக்காது. 'கவனம் போதாது, சாய்ந்து நிற்கிறார்' என்று தினக்குறிப்பில் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

நன்றியைப் பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரம் அது வீட்டிலிருந்து வேலையிடத்துக்கும் போனது. டீ நேரத்தில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும், தினம் ஒருவரை நடுவில் நிறுத்தி அவர் செய்யும் வேலைக்கு நான் நன்றி சொல்வேன், பிறகு எல்லோரும் கைதட்ட வேண்டும். ஆட்கள் சிரித்தார்கள். "மேடம் இன்னிக்கி யாருக்கு மாலை போடப் போவுது?" என்று ஒருவன் கேட்பான். ஆனாலும் நடுவில் நின்றவர்களுக்கு முகம் மலர்ந்தது உண்மை. டிரம் தள்ளுகிறவர் ஒருவர் அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை செய்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நாலாவது நாள் பெரியவரை எடுத்துக்கொண்டேன். பிடிக்காதவரிடமும் நன்றி காண்பதுதான் அடுத்த படி என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன்.

பத்தரை மணி இருக்கும். மற்றவர்கள் டீக்கு வெளியே வந்துவிட்டார்கள். மூலையில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டே வருகிறேன் என்று மாமா உள்ளேயே இருந்தார். ஒருவர் உள்ளே இருக்கும்போது நான் அதை நடத்தியிருக்கவே கூடாது. இன்று எழுதும்போது இவ்வளவு தெளிவாகத் தெரிவது அன்றைக்கு ஒரு துளி தெரியவில்லை. பெரியவர் வர மாட்டேன் என்றார். ஆள் உள்ளே இருக்கிறான், அப்புறம் பார்க்கலாம் என்றார். இரண்டே நிமிஷம், உங்கள் இடத்தில் நானே நிற்கிறேன் என்று அவர் கையிலிருந்த கட்டையை வாங்கிக்கொண்டேன். வட்டத்துக்கு இடம் போதவில்லை. சேற்று டிரம்கள் ஏற்றிய தள்ளுவண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டச் சொன்னதும் நான்தான்.

பெரியவர் பத்தடி தள்ளிப் போய் நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல. நான் தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆரம்பித்தேன். வெயிலில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் அவருடைய பொறுமையைப் பற்றிச் சொன்னேன். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்திச் சொன்னேன். நடுவில் ஒரு முறை திரும்பி இரண்டு தட்டுத் தட்டினேன். பதில் வந்ததா என்று நின்று கேட்கவில்லை. வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை என் தோளைத் தாண்டி வழியின் விளிம்பில் கிடந்த கயிற்றில் இருந்தது. அது வெடுக்கென்று ஆடியிருக்க வேண்டும், திடீரென்று நேராக என்மேல் ஓடிவந்தார். தோளில் ஒரு தள்ளு. நான் சிலிண்டர்மேல் போய் மோதினேன். அவர் இடது உள்ளங்கையைத் தகட்டில் அறைந்து வைத்தார். ஒரு நொடி.

"தட்றான். தட்டிக்கினே கீறான். கொயாயப் பாருங்கடா!"

குழாயைப் பார்த்தோம். தள்ளுவண்டியின் சக்கரம் அதன்மேல் நின்றிருந்தது. மூன்று பேர் வண்டியைத் தூக்கினார்கள். பெரியவர் கயிற்றை இழுத்தார். நானும் பிடித்து இழுத்தேன். முதலில் அது வரவில்லை. பிறகு மொத்தக் கனமும் ஒரேயடியாக வந்தது. வழியில் மாமாவின் தலை தெரிந்தது, பிறகு தோள், பிறகு சேறு வழியும் கால்கள். முகமூடியைக் கழற்றியதும் அவர் போட்ட முதல் மூச்சின் சத்தம் மனிதன் போடுவதுபோல இல்லை. மண்ணில் கவிழ்ந்து படுத்து வாந்தி எடுத்தார். இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தேன். அவர் தட்டிவிடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தபடியே சொன்னார்:

"ரெண்டு தபா தட்னேன். அப்பறம் நாலு. வெளிய ஒரு ஆளும் இல்லன்னு நெனச்சிக்கினேன் பாப்பா. மூச்சு முட்னது கூட அப்பறம்தான்."

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை வைத்திருந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் பெரியவரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இளவயதில் ராயபுரத்துக்கு அந்தப் பக்கம் கப்பல்களில் துரு தட்டும் வேலை பார்த்திருக்கிறார். வருஷக்கணக்கில் இரும்பில் சுத்தியல் சத்தம். இரண்டு காதும் பாதிதான். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது காது நன்றாக இருப்பவனுக்கே உள்ளிருந்து தட்டுவது கேட்காது, கைக்குத்தான் வரும் என்றார். தட்டுவது மட்டுமில்லை, உள்ளே சேற்றைச் சுரண்டுவது, சுரண்டல் நிற்பது, ஆள் இடம் மாறுவது எல்லாம் தகட்டில் ஓடுமாம். சுரண்டல் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் அவராகவே தட்டிப் பார்ப்பாராம். நான் இரண்டு முறை குறிப்பெழுதிய சாய்வு அதுதான். இத்தனை வருஷமாக எத்தனை பேருடைய மூச்சு அந்தக் கைவழியாகப் போய் வந்திருக்கிறதோ. அந்தக் கையைத் தகட்டிலிருந்து எடுக்கவைத்துவிட்டு நான் அவருடைய பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

என்னால் தாங்க முடியவில்லை. அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது.

"ஒண்ணியும் சொல்லாத மேடம். நீ சொல்லிக்கினு இருந்தப்பதான் இது ஆச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்து என்னிடமும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பழக்கமில்லை, ஆனாலும் மென்றேன்.

அறிக்கை எழுதும்போது, குழாய் பழசு என்று போட்டால் யாருக்கும் பிரச்சினை இல்லை என்று சூபர்வைசர் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. டீ வட்டம் அன்றோடு நின்றது. அதையெல்லாம்விடக் கஷ்டம் அக்காவிடம் போய் நின்றது. மாமா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலுக்கு, படியில் விழுந்தேன் என்றிருக்கிறார். நான்தான் போய்ச் சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, வயிற்றில் கை வைத்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பத்தாவது நாள் போன் செய்து, அவர் மறுபடியும் எப்போது உள்ளே போகிறார் என்று மட்டும் கேட்டாள்.

நன்றியை நான் விட்டுவிடவில்லை. காலையில் எழுந்ததும் மூச்சைக் கவனிப்பது இப்போதும் உண்டு. ஆனால் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒருவர் என்ன செய்கிறார் என்று முழுசாகப் பார்க்க முயல்கிறேன். அது சொல்வதைவிட ரொம்பக் கஷ்டம். என்னைப்போல் அவசரக்காரிக்கு இன்னும் கஷ்டம். டிரம் தள்ளுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவு வரும் இடத்தில் அவர் ஏன் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்புகிறார் என்று புரிய மூன்று நாள் ஆயிற்று. ஜபம் செய்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

அடுத்த தொட்டி எண்ணூரில். வருகிற வியாழக்கிழமை திறக்கிறார்கள். உள்ளே போய் வேலை செய்ய என்னிடம் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. இதுவரை ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. சூபர்வைசரிடம் கேட்டேன். பத்து நிமிஷம், காற்றைச் சோதித்த பிறகு, கூட ஒரு ஆளோடு என்று ஒத்துக்கொண்டார். மாமாவிடம் சொன்னபோது அவர் ஒரு முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போயி இன்னா பாக்கப் போற?"

"பாக்கறதுக்கு இல்ல மாமா. தட்டிட்டுக் காத்துக்கினு இருக்கறது எப்டி இருக்கும்னு தெரியணும்."

அவர் என் தலையையும் முகமூடியையும் மாறிமாறிப் பார்த்தார். முடியை இப்படி விட்டால் மாஸ்க் சரியாக உட்காராது, பின்னி உச்சியில் கட்டிக்கொண்டு வா என்றார். வெளியே பெரியவர் நிற்பார், தானும் பக்கத்தில் இருப்பேன் என்றார். அக்காவிடம் இதை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். புதன்கிழமை வேலை முடிந்ததும் போகலாம் என்றிருக்கிறேன்.