கறிக்கு வெட்டிய மீன்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்க நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் தவணை முழுவதும் எனக்குப் பயமாகவே இருந்தது. எங்கள் ஊரான தேற்றாத்தீவில் பஸ் ஏறும்போதே உள்ளங்கை வேர்த்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் டியூஷனில் பாடத்தை முன்கூட்டியே முடித்தவர்கள். ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டுவிடுவாரோ என்று நான் குனிந்துகொண்டிருப்பேன். கடைசியில், வருகிற திங்கட்கிழமை கலைப்பிரிவுக்கு மாறிவிடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வாவியில் மீன் பிடிக்கும் அப்பா தலை நிமிராமல் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மீனை அறுத்து உள்ளுறுப்புகளைப் பார்க்கும் செய்முறை. இரண்டு பேருக்கு ஒரு மீன். என்னோடு சேர்த்துவிட்டது ஒரு டாக்டரின் மகளை. அவள் அதுவரை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய இடத்துப் பிள்ளை, என்னையெல்லாம் கணக்கில் எடுப்பாளா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அன்றும் கத்தரிக்கோலைத் தொடாமல் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

பயத்தில் எனக்குத் தலை வேலை செய்யவில்லை, வீட்டில் மீன் வெட்டிப் பழகிய கை மட்டும்தான் வேலை செய்தது. செதிலைச் சுரண்டினேன். செவுளைப் பிடுங்கினேன். வயிற்றைக் கீறி, உள்ளே இருந்ததை எல்லாம் வழித்துக் குப்பை வாளியில் போட்டேன். மீனைத் துண்டு துண்டாக நறுக்கி முடித்தபோதுதான் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பார்க்க வேண்டியது வாளிக்குள் கிடந்தது. தட்டில் கறி மீன் இருந்தது.

யாரோ சிரித்தார்கள். ஆசிரியை எங்கள் மேசைக்கு வந்தார். ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

"நான்தான் டீச்சர் அப்பிடி வெட்டச் சொன்ன" என்றாள் டாக்டரின் மகள்.

ஆசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாளியில் இருப்பதைக் கழுவி எடுத்துத் தட்டில் அடுக்கும்படி சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் கழுவினேன். எதற்காகப் பொய் சொன்னாய் என்று அவளிடம் கேட்கவும் பயமாக இருந்தது. எப்படியும் திங்கட்கிழமை கலைப்பிரிவுக்குப் போய்விடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

"போயிராதகா" என்றாள். தட்டை விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தாள். "எனக்கு மீனைத் தொடவே பயம். வீட்ட சொல்ல ஏலாது. நீ போனா நான் ஆரோட இருந்து வெட்டுற?"

திங்கட்கிழமை பஸ்ஸிலும் உள்ளங்கை வேர்த்தது. ஆனாலும் பிரிவு மாறக் கேட்டுப் பள்ளி அதிபரின் அறைப் பக்கம் போகாமல் நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். அவள் பக்கத்துக் கதிரையில் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். அடுத்த செய்முறை கரப்பான் பூச்சியாம் என்றாள், முகம் வெளிறிப்போய்.

கரப்பான் என்றால் எனக்கும் பயம். அந்த வகுப்பில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.