எண்ணெய் குளித்த கரும்பலகை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே பொருள் கரும்பலகைதான். சிலேட்டு வைத்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுதி உள்ளங்கையால் அழித்தோம்.

முதல் நாள் நான் அந்தப் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தபோது எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. வாத்தியார் சாக்குக்கட்டியை எடுத்து ஒரு சுழி போட்டார், ஒரு வளைவு இழுத்தார், பக்கத்தில் இன்னொரு எழுத்து வைத்தார். "இதுதான் ஆடு" என்றார். நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பதினோரு ஆடுகள் உண்டு. ஒன்றாவது சொன்ன இடத்தில் நின்றது கிடையாது. இந்த ஆடு வெறும் கறுப்பிலிருந்து வெளியே வந்து, கத்தாமல், வேலியைத் தாண்டாமல், அவர் நிறுத்திய இடத்தில் நின்றது. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியொரு பிரமிப்பு.

எங்கள் ஊர் அரிமளத்துக்கு மேற்கே வண்டிப் பாதையில் போனால் வரும். பள்ளிக்கூடம் என்பது ஒரு கீற்றுக் கொட்டகை. வாத்தியார் ஒருவர், வகுப்பு இரண்டு. வாத்தியார் ஆவூர்க்காரர், கிறிஸ்தவர்; அது வேதக்கோயில் ஊர். ஒல்லியான மனிதர். கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு குச்சிலில் தானே பொங்கித் தின்றுகொண்டு எங்களுக்குப் பாடம் சொன்னார்.

அந்தப் பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு முடிந்துபோகும். மூன்றாம் வகுப்புக்கு அரிமளம் போகவேண்டும். பையன்கள் நடந்து போய்விடுவார்கள். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? நாங்கள் பெண்பிள்ளைகள் நான்கே பேர். என் அப்பா முன்னதாகவே சொல்லிவைத்திருந்தார்: "நம்ம ஊருக்கு மூணாங்கிளாசு வந்தா படி. வரலேன்னா ஆடு இருக்கு." அப்பா கடுமையான மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழிகள் அந்த இரண்டுதான்.

மூன்றாம் வகுப்பு கொடுங்கள் என்று வாத்தியார் மேலே எழுதிக் கேட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து, வாத்தியார் பாடம் நடத்துவதையும் பிள்ளைகள் எழுதுவதையும் பார்த்துத் திருப்திப்பட்டால் கிடைக்கும் என்று பதில் வந்தது. மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமைதோறும் பலகைக்குக் கறுப்புப் பூசுவோம். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து மசிய அரைத்து, பழந்துணியில் தொட்டுத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். ஊமத்தை நஞ்சு என்பதால் வீட்டு அம்மியில் அரைக்க விடமாட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் மூளிபோன ஆட்டுக்கல் ஒன்று அதற்கென்றே கிடந்தது. பையன்கள் இலை பறித்து வருவார்கள், அரைப்பது நாங்கள். என்னைப்போல மசிய அரைக்க ஒருத்தியும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அது உண்மை.

அந்தச் சனிக்கிழமையும் அரைத்தேன், பூசினேன். பலகை காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் கஞ்சிப்பானையின் அடிப்பக்கம் போல மங்கலாக இருந்தது. இன்ஸ்பெக்டர் பார்க்கப்போகிற பலகை இப்படியா இருப்பது?

அதற்கு முந்தின ஆடியில் அப்பா எங்களை வண்டி கட்டித் திருக்கோகர்ணத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தார். தீபம் காட்டும்போது கருங்கல் அம்மன் மழையில் நனைந்த நாவற்பழம் மாதிரி மினுங்கினாள். "கல்லு எப்படிப்பா இப்புடி மினுங்குது?" என்று கேட்டேன். "எண்ணெக்காப்பு சாத்தியிருக்காங்க தாயி" என்றார் அப்பா. அது எனக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டிலிருந்து ஒரு சிரட்டை விளக்கெண்ணெயை பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு போனேன். என் கூட்டாளி ஒருத்தியை வாசலில் காவல் நிறுத்தினேன். மேலிருந்து கீழ்வரை, இரண்டு பக்கமும், ஒரு விரற்கடை விடாமல் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பலகை கண் திறந்ததுபோல் இருந்தது. கீற்றுச் சந்தில் நுழைந்த வெயில் அதில் பட்டது. உள்ளே ஒரு பெண்பிள்ளை நின்று என்னைப் பார்த்தாள். நான்தான் அது. உடம்பு சிலிர்த்துப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "மூணாங்கிளாசு குடு தாயே" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை வாத்தியார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். சாக்குக்கட்டியை எடுத்துப் பலகையில் வைத்தார். கட்டி வழுக்கிக்கொண்டு போனது. கோடு விழவில்லை. அழுத்தினார். கட்டி ஒடிந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். தோளிலிருந்த துண்டால் துடைத்தார். ஓடிப்போய் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து தேய்த்தார். சாம்பலும் எண்ணெயும் சேர்ந்து சேறாகிப் பலகை முழுதும் அப்பிக்கொண்டது.

"பலகைக்குத் தீவாளி வந்துருச்சுடோய்!" என்றான் ஒருவன். பையன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"யாரு செஞ்சது?" என்றார் வாத்தியார்.

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க. மினுங்கட்டும்னு செஞ்சேன்."

பிரம்பை எடுப்பார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் எடுக்கவில்லை. சலவை வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உட்கார்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பை என் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

கொட்டகையை ஒட்டி ஊர்ப் பொதுக்களம். பின்பட்ட நெல் அடிப்பதற்காக என் ஆத்தாவும் இன்னும் சில பெண்களும் விடியற்காலையிலேயே அதைச் சாணம் போட்டு மெழுகியிருந்தார்கள். கூடையும் கையுமாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆத்தா எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாத்தியாரய்யா, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒங்க மக பலகைக்கு எண்ணெ தேச்சு விட்டுட்டாம்மா. இன்னும் செத்த நேரத்துல இன்ஸ்பெக்டர் வந்துருவாரு. நான் எதுல எழுதுவேன்?"

ஆத்தா என்னைப் பார்த்தாள். "என் தலை பரட்டையாக் கெடக்கு, தேய்க்க ஒரு சொட்டு எண்ணெ இல்ல. இவ பலகைக்குத் தலைமுழுக்காட்டியிருக்கா, பாத்தீங்களா?" என்றாள். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "எழுதணும், அம்புட்டுத்தானே? அங்கிட்டுப் பாருங்க. களம் பூரா மெழுகிப் போட்டிருக்கோம், காஞ்சும் போச்சு. அதுல எழுதச் சொல்லுங்க."

"தரையில சாக்குக்கட்டி எழுதாதும்மா."

"கோலம் எழுதுதில்ல?"

"கோலமாவுலயா?"

"பெறகு வெளக்கெண்ணெயிலயா?"

வாத்தியார் எழுந்துவிட்டார். ஆத்தா தெருவில் ஒரு குரல் கொடுத்தாள். பெண்கள் சிரட்டை சிரட்டையாகக் கொண்டுவந்தார்கள். வசதி உள்ள வீட்டுக்காரி பச்சரிசி மாவு, மற்றவர்கள் வெள்ளைக்கல் இடித்த பொடி.

பெரிய பையன்களைத்தான் முதலில் எழுதச் சொன்னார். கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் மாவை அள்ளிக் கோடு இழுத்தான். நரி சுண்ணாம்பில் நடந்த மாதிரி இருந்தது. இன்னொருவன் ஒரே எழுத்துக்கு அரைச் சிரட்டை கொட்டினான். "ஏ தம்பி, உப்பளம் போடுறியா?" என்றாள் ஒரு பெண். வாத்தியார் தாமே குனிந்து எழுதிப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை. பிறகுதான் எங்கள் நான்கு பேரையும் பார்த்தார்.

அந்த நேரத்தில் வில்வண்டி வந்து நின்றது. தலைப்பாகை, கோட்டு, பூட்சோடு இன்ஸ்பெக்டர் இறங்கினார். களத்தைச் சுற்றிப் பெண்கள், நடுவில் பிள்ளைகள், ஆளுக்கொரு சிரட்டை. "இங்கே என்ன, திருவிழாவா?" என்றார்.

வாத்தியார் கொட்டகைப் பக்கம் கைகாட்டினார். "பலகையில எண்ணெய் பட்டுப்போச்சுங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். "பட்டதா? குளிச்சிருக்கே. யார் வேலை?"

நான் மறுபடி முன்னால் போனேன். "திருக்கோகர்ணத்து அம்மன் மாதிரி மினுங்கணும்னு நான்தாங்க தேச்சேன்."

அவர் வாத்தியாரைப் பார்த்தார். "நீர் சொல்லித்தரலையாங்காணும், பலகைக்கு எண்ணெய் ஆகாதுன்னு?"

"எங்க கோயில்ல மாதா சுரூபத்துக்கு எண்ணெய் சாத்துறதில்லைங்க. அதனால எனக்கு இப்படி ஒண்ணு தோணவே இல்லை" என்றார் வாத்தியார்.

இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. சிரித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. களத்தின் ஓரத்துக்கு வந்தவர், மெழுகின தரையைப் பார்த்தார், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். குனிந்து பூட்சைக் கழற்றி வைத்தார். அத்தனை பெரிய மனிதரின் வெறும் பாதம் எங்கள் சாணத் தரையில் பட்டதைப் பார்த்து சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எழுதுங்க," என்றார். "மழை பெய்தால் கண்மாய் நிறையும்."

நான்கு சொல், நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு ஒன்று என்று வாத்தியார் பிரித்துக் கொடுத்தார். எனக்குக் கண்மாய் வந்தது. கையில் இருந்தது பச்சரிசி மாவு. குனிந்தேன். பலகையில் எழுதும்போது எழுத்து கோணிப்போகும் எனக்கு. இங்கே கோணவில்லை. சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு எழுத்தின் சுழியெல்லாம் தெரிந்த வழிதானே? விரலிடுக்கில் மாவு இறங்க இறங்க, பின்னால் நகர்ந்து நகர்ந்து எழுதினேன். நிமிர்ந்தபோது ஒவ்வோர் எழுத்தும் நான் படுத்தால் என் நீளம் இருந்தது. பச்சைக் கறுப்பான தரையில் பால் வெள்ளையாக, களத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நான்கு சொல். பலகையில் அடங்கும் என்றுதான் எழுத்தை நினைத்திருந்தேன். எழுத்து இத்தனை பெரிது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"ஏடி, இதுல எது கம்மாயி?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. காட்டினேன். குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டுத் தண்ணியக் காணோமே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாவில் கால் படாமல், அந்தச் சொல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தினமும் இறங்கிக் குளிக்கும் கண்மாயை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல இருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கணக்குக் கேட்டார். பையன்கள் வாயால் சொன்னார்கள், நாங்கள் எழுதினோம். அவர் நோட்டில் இங்கிலீஷில் என்னவோ எழுதிவிட்டுப் பூட்சை மாட்டிக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

"மூணாங்கிளாசு உண்டா இல்லையா?" என்று ஆத்தா கேட்டாள்.

"உத்தரவு வரணும்மா" என்றார் வாத்தியார்.

சாயங்காலம் நான் மட்டும் களத்துக்குப் போனேன். கல்பொடியில் எழுதிய சொற்கள் அப்படியே கிடந்தன. என் சொல்லில் மட்டும் எறும்பு ஏறியிருந்தது. பச்சரிசி மாவு அல்லவா? சுழி தவறாமல், வளைவு தவறாமல் என் கை போன வழியிலேயே சாரை சாரையாகப் போயின. வெள்ளையாக நான் எழுதிய கண்மாய் கறுப்புக் கண்மாயாகி, உயிரோடு அசைந்தது. இருட்டும் வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தேன். மறுநாள் அதன்மேல் நெல்லைக் குவித்துவிட்டார்கள்.

உத்தரவு உடனே வரவில்லை. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. அப்பா என் கையில் தழை இழுக்கும் தொரட்டியைக் கொடுத்துவிட்டார். நானும் ஆடுகளின் பின்னால் போகத் தொடங்கிவிட்டேன். வைகாசிக் கடைசியில் ஒருநாள் வாத்தியார் ஒரு காகிதத்தோடு எங்கள் ஆட்டுப் பட்டிக்கே வந்தார். மூன்றாம் வகுப்பு உண்டு என்று வாசித்தார். பெண்பிள்ளைகளின் கையெழுத்து நன்றாக இருப்பதாக ஒரு வரி இருந்தது. பலகைக்கு எண்ணெய் தடவக்கூடாது என்று இன்னொரு வரி.

"ஆட்டை யாரு பாக்குறது?" என்றார் அப்பா.

"ஆடு ஒங்களது, நீங்க பாருங்க. அவ எழுத்த எறும்பே படிச்சிருச்சு" என்றாள் ஆத்தா. நான் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும். அப்பா தொரட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் வகுப்புதான் நான் படித்த கடைசி வகுப்பு. அதற்கு மேல் இல்லை, எனக்குக் குறையும் இல்லை. செங்கல்பொடியும் சீயக்காயும் போட்டு அந்தப் பலகையை எத்தனையோ தடவை தேய்த்தோம். மறுபடி எழுதவும் வந்தது. ஆனால் வலதுபக்கக் கீழ் மூலையில் ஒரு சாண் இடத்தில் மட்டும் எண்ணெய் கடைசி வரை போகவில்லை. சாக்குக்கட்டி அங்கே வழுக்கும். வாத்தியார் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் எழுதுவார். என் இடம் அதற்கு நேர் எதிரில். காலை வெயில் நுழைந்ததும் அந்த ஒரு சாண் மட்டும் மினுங்கும். பாடம் தொடங்குமுன், பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல், நான் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.